பிழை என்று சொன்னவர் யார்?



தமிழ் கற்பிக்கும் நாம் ஆங்கில இலக்கணம் பற்றி எழுத நேர்ந்தமைக்கு ஒரு மாணவரே காரணம். ஒருநாள் மாலை, வகுப்பு முடிந்து துறை அறைக்குத் திரும்பியபோது மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் தயங்கியபடி ஒரு தாளை நீட்டினார். வங்கித் தேர்வுக்கான மாதிரி வினாத்தாள் அது. பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் முடித்தவர் அவர். ஆங்கிலத்தில் ஐயம் கேட்பதற்கும் தமிழாசிரியரையே நாடும் கூச்சம் அவருக்கு.

வினா இதுதான். ‘நோ லெஸ் தேன் ஃபிஃப்டி ஸ்டூடண்ட்ஸ் வேர் பிரசன்ட்’ என்றொரு வாக்கியம். ஐம்பதுக்குக் குறையாத மாணவர்கள் வந்திருந்தனர் என்பது பொருள். ‘லெஸ்’ என்னும் சொல் அடிக்கோடிடப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக மூன்று சொற்களும், ‘திருத்தம் தேவையில்லை’ என்ற நான்காம் விடையும் கொடுக்கப்பட்டிருந்தன. மாணவர் நான்காவதைக் குறித்திருந்தார். விடைக்குறிப்போ ‘ஃபியூவர்’ என்றது. எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’, எண்ண இயலாதவற்றுக்கு ‘லெஸ்’ என்பது விதி. விதியை அவரும் பின்னர்ப் படித்துவிட்டார். அவருடைய கேள்வி வேறு.

“ஐயா, லெஸ் என்று எழுதினாலும் பொருள் விளங்குகிறதே. இதைப் பிழை என்று சொன்னவர் யார்?”

“விதி அப்படி” என்று சொல்லி அனுப்பினோம். அன்றிரவு அந்த விடை நமக்கே உவப்பாக இல்லை. ஒரு சொல் ஏன் வழுவாயிற்று என்று உரையாசிரியர்களைத் துருவித் துருவிப் படித்துப் பழகிய நாம், இன்னொரு மொழியென்றால் மட்டும் காரணம் கேளாமல் இருந்துவிடலாமா? தேடத் தொடங்கினோம். அந்தத் தேடல் முன்னூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றினுள் நம்மை இட்டுச் சென்றது.

ஒருவரின் விருப்பம்

முதலில் மாணவரின் கேள்விக்கே விடை காண்போம். அவர் கேட்ட ‘யார்’ என்பதற்கு ஒரு பெயர் உண்டு. ராபர்ட் பேக்கர் என்பவர் 1770-இல் ஆங்கில மொழி பற்றிய சிந்தனைகளைச் சிறு நூலாக வெளியிட்டார். எண்ணிக்கையைக் குறிக்கும் இடத்தில் ‘லெஸ்’ என்பதைவிட ‘ஃபியூவர்’ நயமாகவும் பொருத்தமாகவும் இருப்பதாகத் தமக்குத் தோன்றுகிறது என்று அதில் எழுதினார். அவர் சொன்னது அவ்வளவே. மற்றது குற்றம் என்று அவர் தீர்ப்புரைக்கவில்லை. தாம் பதினைந்து வயதிலேயே பள்ளியை விட்டவர் என்பதையும் மறைக்கவில்லை.

பேக்கருக்கு முன் ஆங்கிலேயர் எப்படி எழுதினர்? 9-ஆம் நூற்றாண்டின் ஆல்ஃபிரட் மன்னர் காலந்தொட்டே எண்ணக்கூடியவற்றுக்கும் ‘லெஸ்’ என்பதன் பழைய வடிவம் வழங்கி வந்தது. ஆக, ஏறத்தாழ 900 ஆண்டுகள் பிழையாகக் கருதப்படாத ஒரு வழக்கு, ஒருவரின் செவிக்கு உவப்பாகாமற் போய், பின்வந்த இலக்கண நூலாரின் கையில் விதியாக இறுகி, இன்று ஒரு மாணவரின் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது! நம் வங்கித் தேர்வுகளில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கவும் செய்வார்கள்.

தம்மையே திருத்திக்கொண்ட கவிஞர்

பிறருடைய வாக்கியத்தை எடுத்து ‘இது பிழை’ என்று காட்டும் பழக்கம் பேக்கருக்கும் முந்தியது. 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன் தமக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியரான பென் ஜான்சனின் ‘கேட்டிலின்’ நாடகத்திலிருந்து சில அடிகளை எடுத்துக் குற்றங் கண்டார். அவற்றுள் ஒன்று, ‘ஃப்ரம்’ போன்ற முன்னிடைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்பது. அது தம் எழுத்திலும் உண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். 1668-இல் வெளியான தம் நாடகவியல் கட்டுரையை 1684-இல் மறுபதிப்புச் செய்தபோது அத்தகைய வாக்கியங்களைத் தேடித்தேடி மாற்றியமைத்தார். தம் ஆங்கிலம் சரிதானா என்று ஐயம் எழும்போது அதை இலத்தீனாக்கிப் பார்ப்பதாகவும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். ஒரு மொழியின் செம்மையை இன்னொரு மொழியின் உரைகல்லில் தேய்த்துப் பார்த்த காலம் அது.

எனினும் டிரைடன் செய்தது ஓர் இலக்கியவாதியின் விமரிசனம். அதை வகுப்பறைப் பயிற்சியாக்கியவர் ஒரு பெண்மணி. நியூகாசில் நகரில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர், 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலில் வேண்டுமென்றே பிழையாக அமைத்த வாக்கியங்களைத் தந்து, அவற்றைத் திருத்துமாறு மாணவரைப் பணித்தார். ‘பிழையைத் திருத்துக’ என்று நாம் இன்று காணும் வினாவின் மூதாய் அவர் எனலாம்.

ஆண், பெண் இருபாலாரையும் குறிக்க ‘ஹி’ என்னும் ஆண்பாற் சொல்லே போதும் என்ற விதியும் ஃபிஷரின் நூலிலேயே காணக் கிடைக்கிறது. 1850-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டங்களின் வாசகத்திற்கு இதையே சட்டமாக்கியது. ‘எவரும்’ என்ற பொருளில் வரும் ஒருமைச் சொல்லை ‘தே’ என்று சுட்டுவது ஷேக்ஸ்பியரிடமும் ஜேன் ஆஸ்டினிடமும் உள்ள வழக்கே ஆயினும், நெடுங்காலம் தேர்வுத் தாள்களில் அது பிழையாகவே எண்ணப்பட்டது. 2019-இல் வெளியான அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக் கையேடு அந்த ‘தே’யை ஏற்றுப் பரிந்துரைத்தது. நேற்றைய பிழை இன்றைய பரிந்துரையானது!

பேராயரும் வேதியியலாரும்

இந்த வரலாற்றில் பெரிதும் பேசப்படும் பெயர் ராபர்ட் லௌத். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதையியல் பேராசிரியராக இருந்து, எபிரேயக் கவிதையின் இணையடி அமைப்பை உலகுக்கு விளக்கிய அறிஞர்; பின்னாளில் இலண்டனின் பேராயர். தம் மகனுக்காக எழுதத் தொடங்கிய சிறு இலக்கணத்தை 1762-இல் பெயரின்றி வெளியிட்டார். அந்நூலின் சுவையான பகுதி அடிக்குறிப்புகளே. ஷேக்ஸ்பியர், மில்டன், போப், ஸ்விஃப்ட், விவிலியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு என எதுவும் அவர் திருத்தத்திற்குத் தப்பவில்லை. சான்றோர் வாக்கே இலக்கணத்திற்குச் சான்று என்று பயின்ற நமக்கு இது சற்றே அதிர்ச்சி தருவதுதான்.

ஆனால் லௌத் வறட்டு விதிமுறைவாதி அல்லர். முன்னிடைச்சொல்லை இறுதியில் வைப்பது பேச்சிலும் எளிய நடையிலும் இயல்பு என்றும், உயர் நடைக்கு முன்னே வைப்பது பொருந்தும் என்றும் வேறுபடுத்தியே சொன்னார். ஆங்கிலம் அவ்வழக்கின்பால் மிகவும் சாய்வுடையது என்று அவர் எழுதிய வாக்கியமே முன்னிடைச்சொல்லில்தான் முடிகிறது! பின்வந்தோர் அவர் காட்டிய வேறுபாட்டை விட்டுவிட்டு விதியை மட்டும் பற்றிக்கொண்டனர்.

லௌத்துக்கு ஓராண்டு முன்னதாக, 1761-இல் மற்றோர் இலக்கணம் வெளிவந்தது. ஆசிரியர் ஜோசப் பிரீஸ்ட்லி. ஆக்சிஜன் வாயுவைப் பிரித்தறிந்த அதே அறிவியலார்தான். மொழிக்கு அளவுகோல் வழக்கே என்பது அவர் கொள்கை. 1776-இல் ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் கேம்பல் அதனை மேலும் வரையறுத்தார். நன்மதிப்புப் பெற்றதாய், நாடு தழுவியதாய், நிகழ்காலத்ததாய் உள்ள வழக்கே அளவுகோல் என்றார். ‘உயர்ந்தோர் வழக்கு’ என்னும் நம் கோட்பாட்டை நினைவூட்டும் வரையறை இது. ஆக, விதியா, வழக்கா என்ற வாதம் அன்றே சம பலத்தோடு நடந்தது. பள்ளிக்கூடங்களில் மட்டும் விதி வென்றது. ஏன்?

விடைநூல் பிறந்தது

காரணம், கற்பிப்பதற்கு விதி எளிது என்பதே. நியூயார்க் வழக்கறிஞராக இருந்து இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகே குடியேறிய லிண்ட்லி மர்ரே, அங்கிருந்த பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் வேண்டியதற்கிணங்க 1795-இல் ஓர் இலக்கணம் எழுதினார். முன்னோர் நூல்களிலிருந்து தொகுத்தவராகவே தம்மைக் கருதிக்கொண்டார். 1797-இல் பயிற்சி நூலையும், அப்பயிற்சிகளுக்கு விடைநூலையும் வெளியிட்டார். பிழையான வாக்கியம் ஒரு நூலில். சரியான வாக்கியம் மற்றொரு நூலில். இன்று மாணவர்கள் தேடி அலையும் ‘விடைக்குறிப்பு’ இவ்வாறு தனி நூலாகவே உருப்பெற்றுவிட்டது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல தலைமுறைகள் மர்ரேயைப் படித்தே ஆங்கிலம் கற்றன. மேலே சொன்ன லௌத்தின் வாக்கியத்தையும் மர்ரே விட்டுவைக்கவில்லை. முன்னிடைச்சொல்லை இறுதியிலிருந்து பெயர்த்து முன்னே நட்டுத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார்.

திருத்துவோரைத் திருத்துவோரும் தோன்றினர். 1864-இல் கேன்டர்பரி தேவாலயத்தின் தலைவர் ஹென்றி ஆல்ஃபோர்டு அரசியின் ஆங்கிலத்துக்காகப் பரிந்து ஒரு நூல் எழுதினார். ‘டு’ என்பதற்கும் வினைக்கும் இடையே வினையடை புகுவதைக் கண்டித்தோருள் அவர் குறிப்பிடத்தக்கவர். இலத்தீனில் அப்படிப் பிரிக்க இயலாது என்பதே இவ்விதிக்குக் காரணம் எனப் பலரும் எழுதுவதுண்டு. ஆல்ஃபோர்டு சொன்ன காரணமோ, அப்படி ஆங்கிலேயர் பேசுவதுமில்லை, எழுதுவதுமில்லை என்பதுதான். அதே ஆண்டில் ஜார்ஜ் வாஷிங்டன் மூன் என்பவர் ஆல்ஃபோர்டின் வாக்கியங்களிலேயே பிழைகளைப் பட்டியலிட்டு ஒரு மறுப்பு நூல் எழுதினார். சில ஆண்டுகளில் மர்ரேயின் ஆங்கிலப் பிழைகளுக்கும் தனி நூல் ஒன்று கண்டார்! விடைநூல் எழுதியவரின் வாக்கியமே வினாத்தாளுக்குரிய வாக்கியமாயிற்று.

இவ்வகைப் பயிற்சி நம் நாட்டுப் பள்ளிகளில் வேரூன்றியதில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கண நூலுக்குப் பெரும் பங்குண்டு. 1930களில் உருவாகி, பின்னர் இந்திய அறிஞரால் திருத்தப்பெற்று, இன்றும் விற்பனையாகும் நூல் அது. ரென் இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர். ‘போ ஜெஸ்ட்’ என்ற புகழ்பெற்ற நாவலின் ஆசிரியரும் அவரே என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி.

நான்கு கட்டங்களும் ஓர் இயந்திரமும்

மர்ரேயின் மாணவர் பேனாவால் திருத்தினார். ஒரு வாக்கியத்தை இரண்டு மூன்று வகையாகத் திருத்தலாம். ஆசிரியர் படித்துப் பார்த்து ஏற்கலாம். இந்த இடத்தை 20-ஆம் நூற்றாண்டு அடைத்துவிட்டது. 1915-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஃபிரெடரிக் கெல்லி, வாசிப்புத் திறனை அளக்கக் கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் தேர்வை அமைத்தார். திருத்துவோரின் விருப்பு வெறுப்பை நீக்குவதும் நேரத்தை மிச்சப்படுத்துவதும் நோக்கம். முதல் உலகப் போரின்போது ஏறத்தாழ 17 லட்சம் அமெரிக்கப் படைவீரர்கள் இவ்வகை விரைவுத் தேர்வுகளை எழுதினர். 1926 ஜூனில் கல்லூரி நுழைவுக்கான ‘எஸ்.ஏ.டி.’ தேர்வு முதன்முறையாக நடந்தது. 1938-இல் ஐ.பி.எம். நிறுவனம் விடைத்தாள் திருத்தும் இயந்திரத்தை வெளியிட்டது. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்ற உண்மையை வைத்து ஒரு பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்த உத்தி அதன் அடிப்படை.

கட்டம் ஒன்றில் மட்டுமே கரி இருக்கவேண்டும் என்பது இயந்திரத்தின் இலக்கணம். ‘இதுவும் ஏற்கத்தக்கது’ என்று சொல்ல அதற்கு வாயில்லை. ஆங்கிலத்தின் முன்னூறாண்டு வாதங்கள் அனைத்தும் நான்கு கட்டங்களுக்குள் அடைக்கப்பட்ட கதை இதுவே.

அடைபடாமல் வெடித்த நிகழ்வும் உண்டு. 2002 அக்டோபரில் அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதிய ‘பி.எஸ்.ஏ.டி.’ தேர்வில், நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் டோனி மாரிசனைப் பற்றிய வாக்கியம் ஒன்று வந்தது. ‘டோனி மாரிசனுடைய மேதைமை அவரை’ இன்னவாறு எழுத வைக்கிறது என்ற அமைப்பு. விடைக்குறிப்பின்படி அதில் பிழை இல்லை. மேரிலாந்து மாநிலப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இதை ஏற்கவில்லை. ‘மாரிசனுடைய’ என்பது உடைமைப் பொருளில் மேதைமைக்கு அடையாக நிற்கிறது; ‘அவர்’ என்னும் சுட்டு அடையைச் சுட்டலாகாது; எனவே பிழை உண்டு என்பது அவர் வாதம். தேர்வு நடத்தியோர் முதலில் மறுத்தனர். அவர் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். இறுதியில் இலக்கண வல்லுநர் மூவரிடம் கருத்துக் கேட்டு, 2003-இல் அவ்வினாவையே நீக்கி மதிப்பெண்களைத் திருத்தினர்.

இதில் வியப்பு என்னவெனில், அந்த ஆசிரியர் காட்டிய விதியை நல்ல எழுத்தாளர்கள் பலரும் பின்பற்றுவதில்லை. தமிழிலும் ‘பாரதியின் கவித்திறம் அவரை வாழ்விக்கிறது’ என்றால் யாரும் குறை சொல்லார். விதியும் மெய், வழக்கும் மெய். இரண்டும் மோதிய இடத்தில் கட்டம் தோற்றது.

வழுவமைதி

நம் இலக்கணிகள் மொழியை ‘சரி, தவறு’ என்று இரண்டாகப் பகுத்ததோடு நின்றுவிடவில்லை. வழாநிலை, வழு என்பவற்றோடு வழுவமைதி என்றொரு மூன்றாம் நிலையையும் வைத்தனர். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழு. உவகையால் சொன்னதால் அமைத்துக்கொள்ளப்பட்டது. இன்னும் புறப்படாதவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது கால வழு. விரைவு கருதி அமைந்தது. பிழை என்பதையும் மறைக்கவில்லை, பேசுவோனைத் தண்டிக்கவுமில்லை. காரணத்தைச் சொல்லி இடம் ஒதுக்கினர்.

ஆங்கிலத்திலும் இப்பார்வை இல்லாமலில்லை. முதல் எஸ்.ஏ.டி. தேர்வு நடந்த அதே 1926-இல் ஃபௌலர் தம் ஆங்கில வழக்கு அகராதியை வெளியிட்டார். முன்னிடைச்சொல் பற்றிய அச்சத்தை மூடநம்பிக்கை என்று எள்ளினார். தருக்கத்தால் நியாயப்படுத்த இயலாதெனினும் வழக்கில் வலுவாக நிற்கும் தொடர்களுக்கென்றே ஒரு பதிவையும் ஒதுக்கினார். நம் வழுவமைதிக்கு நெருங்கிய உறவு அது. அறிஞரின் அகராதியில் கிடைத்த இந்த இடம் தேர்வரின் விடைத்தாளில் கிடைக்கவில்லை.

என்ன செய்வது?

வரலாறு இருக்கட்டும், தேர்வில் எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவது என்று மாணவர் கேட்பார் அல்லவா? மறுவாரம் அவரை அழைத்து அவர் தாளின் திருத்த வினாக்கள் பத்தையும் ஒன்றாகப் பார்த்தோம். பேக்கர் போன்றோரின் சுவையில் பிறந்த விதிகள் இரண்டே. எஞ்சிய எட்டும் மொழியின் கட்டுமானம் சார்ந்தவை. அவற்றில் வாதத்திற்கு இடமில்லை. பயிற்சிக்கு உண்டு.

‘தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ் ஆர்’ என்பதில் எழுவாய் நூல்கள் அல்ல, பட்டியல், எனவே ‘இஸ்’. வினைக்கு அருகில் நிற்கும் சொல்லை விட்டு, உண்மையான எழுவாயை முதலில் தேட வேண்டும். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் ‘அபவுட்’ மிகை. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் நினைத்து எழுதுவதால் வரும் பிழை அது. ‘சீனியர்’ என்பதை ‘தேன்’ அன்று, ‘டு’ தொடரும். இலத்தீனிலிருந்து ஒப்பீட்டு வடிவாகவே வந்த சொல் என்பது காரணம்.

மாணவர் மிகவும் தடுமாறியது தொங்கும் எச்சத்தில். ‘சாலையில் நடந்துகொண்டு, கோயில் கண்ணுக்குத் தெரிந்தது’ என்பது போன்ற ஆங்கில வாக்கியம். நடந்தது யார், கோயிலா? ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்வதை அவருக்கு நினைவூட்டினோம். “அதே விதிதானா ஐயா!” என்றார். அதன்பின் அவ்வகை வினாவில் அவர் தவறவில்லை. தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகக் கற்றவர் ஆங்கிலத்திலும் பாதி வழி கடந்தவர் என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

எஞ்சிய இரண்டு? அவற்றுக்கும் விடைக்குறிப்பையே பின்பற்றுமாறு சொன்னோம். வேலைக்கான தேர்வில் மூன்றாம் நிலைக்குக் கட்டம் இல்லை. வாதத்தைத் தேர்வறைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். ஆனால், இத்தகைய வினாவில் தவறியதை வைத்து ‘எனக்கு ஆங்கிலம் வராது’ என்று மட்டும் முடிவு கட்ட வேண்டாம் என்றோம். அந்த முடிவோடு எத்தனை மாணவர்கள் விண்ணப்பப் படிவத்தையே நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம்.

தேர்வுகளும் என்றென்றைக்கும் ஒரே நிலையில் நிற்பதில்லை. மேலாண்மைப் படிப்புக்கான ‘ஜிமேட்’ தேர்வில் பல்லாண்டுகள் மாணவரை அச்சுறுத்திய வாக்கியத் திருத்த வினா, 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவத்தில் இடம்பெறவில்லை. 2024 ஜனவரியோடு பழைய வடிவமும் விடைபெற்றது. நம் போட்டித் தேர்வுகளில் அது தொடர்கிறது. தொடரும்வரை நம் மாணவர்கள் அதைக் கற்றே ஆகவேண்டும். அவ்விதி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் கற்றால் அச்சம் பாதி குறையும்.

சில நாள் கழித்து அந்த மாணவரின் குறிப்பேட்டைப் புரட்டும் வாய்ப்புக் கிட்டியது. ‘எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூவர்’ என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில், ‘பேக்கர், 1770’.